ஒரு ஸ்பூன் பொடி, ஒரு கேப்சூல்: உணவின் நன்மை தீமையை வீட்டிலேயே எடைபோட ஒரு வழிகாட்டி

போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அம்மாவின் சமையலறை மேல்தட்டிலிருந்து பதினோரு டப்பாக்களை இறக்கினேன். முருங்கையிலைப் பொடி, கருஞ்சீரகப் பொடி, வெந்தயப் பொடி, சீந்தில் மாத்திரை, மஞ்சள் கேப்சூல், மீன் எண்ணெய், கால்சியம், வைட்டமின் டி பாக்கெட், இன்னும் சில. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. "இது உங்க அத்தை வாங்கிட்டு வந்தது." "இது வாட்ஸ்அப்ல வந்துச்சுல்ல, அது." "இது டாக்டர் எழுதினதுதான், எப்பன்னுதான் ஞாபகம் இல்ல."

அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், தைராய்டுக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று எடுக்கிறார். நான் மருந்தாளுநர். பதினான்கு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். இதே டப்பாக்களை இதே வயதுக்காரர்கள் வாங்கிப் போவதைத் தினமும் பார்க்கிறேன். அன்று மாலை நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எதை டாக்டரிடம் கேட்பது என்று பிரித்தோம். அப்படிப் பார்த்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு பேனாவும், முடிந்தால் ஒரு சமையலறைத் தராசும் இருந்தால் போதும்.

முதல் படி: செய்தியை முழு வாக்கியமாக்குங்கள்

"முருங்கை உடம்புக்கு நல்லது." இதைச் சரி என்றும் சொல்ல முடியாது, தப்பு என்றும் சொல்ல முடியாது. எந்த வடிவில், எவ்வளவு, யார், எத்தனை நாள் சாப்பிட்டால், உடம்பில் எது மாறும்? இந்த ஐந்தையும் நிரப்பி எழுதிப் பாருங்கள். "67 வயதுப் பெண் முருங்கையிலைப் பொடியைத் தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் எலும்புக்கு வேண்டிய கால்சியம் கிடைத்துவிடும்." இப்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். நிரப்ப முடியாத செய்தியை அங்கேயே விட்டுவிடலாம். "நோய் எதிர்ப்பு சக்தி கூடும்", "ரத்தம் சுத்தமாகும்", "நச்சு வெளியேறும்" என்பவை பெரும்பாலும் இந்த முதல் படியைத் தாண்டுவதில்லை. எது கூடியது, எந்த நச்சு, எந்தப் பரிசோதனையில் தெரியும் என்று கேட்டால் பதில் வராது.

இரண்டாம் படி: வாய்க்குள் போகும் அளவு எவ்வளவு?

எனக்கு ஒரே ஒரு படியைத்தான் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன்.

முருங்கையிலைப் பொடியில் பாலைவிட 17 மடங்கு கால்சியம் என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. அது பொய்யில்லை. காய்ந்த இலைப் பொடி 100 கிராமில் ஏறத்தாழ 2000 மி.கி. கால்சியம் இருக்கிறது. 100 மில்லி பாலில் சுமார் 120. வகுத்தால் 17 வரும். ஆனால் 100 கிராம் பொடியை ஒரு நாளில் யார் சாப்பிடுகிறார்கள்? அம்மாவின் டப்பாவிலிருந்து மூன்று சிறு ஸ்பூன் பொடியைத் தட்டி மட்டமாக்கித் தராசில் வைத்தேன். ஆறு கிராம் காட்டியது. அப்படியென்றால் ஒரு ஸ்பூனுக்கு இரண்டு கிராம், அதில் 40 மி.கி. கால்சியம். முப்பது, முப்பத்தைந்து மில்லி பாலுக்குச் சமம். இரண்டு மடக்கு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு 1200 மி.கி. வேண்டும்.

அதே முருங்கையைக் கீரையாகச் சாப்பிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. பச்சை இலை 100 கிராமில் 300 மி.கி. அளவுக்கு இருக்கிறது. 50 கிராம் இலையைப் பொரியல் செய்தால் 150 மி.கி. தட்டுக்கு வரும். கேழ்வரகு மாவு 50 கிராமில் 170, 180 வரும். அதில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ, கூழாகப் புளிக்கவைத்தாலோ அந்தப் பிடி தளரும். பாட்டிமார் கேழ்வரகை இரவே கரைத்துப் புளிக்கவைத்ததில் இந்த லாபமும் இருந்தது.

மஞ்சளில் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். அங்கே பயப்பட வேண்டிய அளவு கேப்சூலில் இருக்கிறது.

மஞ்சள் தூளில் குர்குமின் என்ற பொருள் சுமார் 3 சதவீதம். குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் சேர்த்து ஒருவர் தட்டுக்கு ஒரு நாளில் இரண்டு கிராம் மஞ்சள் வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 60 மி.கி. குர்குமின். அம்மாவின் டப்பாவில் எழுதியிருந்தது: ஒரு கேப்சூல் 500 மி.கி., அதில் 95 சதவீதம் குர்குமினாய்டு (குர்குமின் வகைப் பொருள்கள்). அதாவது 475 மி.கி. ஒரு கேப்சூலை விழுங்கினால் கிட்டத்தட்ட 16 கிராம் மஞ்சள் தூளை விழுங்கியதற்குச் சமம், ஐந்து ஸ்பூனுக்கு மேல். "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று வேறு போட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லாத குர்குமின் அளவாக உடல் எடை கிலோவுக்கு 3 மி.கி. என்று வைத்திருக்கிறது. 55 கிலோ இருக்கும் அம்மாவுக்கு அது 165 மி.கி. ஒரே கேப்சூல் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிறது.

அதோடு முடியவில்லை. குர்குமின் சாதாரணமாக ரத்தத்தில் அதிகம் ஏறாது. மிளகில் இருக்கும் பைப்பரினைச் சேர்த்தால் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் பல கம்பெனிகள் கேப்சூலில் மிளகுச் சாரத்தைச் சேர்க்கின்றன. உறிஞ்சுதல் கூடுவது நல்லது என்று விளம்பரம் சொல்கிறது. கல்லீரலுக்கு அது கூடுதல் வேலை. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த பத்துப் பேரை அமெரிக்காவின் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பு ஆய்வு வலைப்பின்னல் 2022-ல் பதிவு செய்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணுக்கூறு இருந்தது. அதாவது எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்பது நெற்றியில் எழுதியிருக்காது.

இதைப் படித்துவிட்டுச் சாம்பாரில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். அது வேறு அளவு, வேறு கதை. சமையல் மஞ்சளில் பார்க்க வேண்டியது கலப்படம்தான். வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈய குரோமேட் பூசியதை 2019-ல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்த வருடம் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு இறங்கிப் பிடித்த பிறகு, 2021-ல் ஒன்றிலும் இல்லை. கண்ணைப் பறிக்கும் மஞ்சளை விட்டு, கொஞ்சம் மங்கலான கிழங்கை வாங்கி அரைப்பவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் படி: யாருக்குச் சோதித்தார்கள்?

கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "அக்கா, எங்க மாமாவுக்கு சுகர் 280 இருந்துச்சு. இந்தப் பொடியை ஒரு மாசம் சாப்பிட்டாரு, 160-க்கு வந்துருச்சு." அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 280 என்று பார்த்த அன்று மாமா பயந்துபோயிருப்பார். இனிப்பை நிறுத்தியிருப்பார். காலையில் நடந்திருப்பார். விட்டுவிட்ட மாத்திரையை மறுபடி ஒழுங்காகப் போட்டிருப்பார். அதோடு பொடியும் சாப்பிட்டார். சர்க்கரை குறைந்ததற்கான பெயரை மட்டும் பொடி வாங்கிக்கொண்டது. நான் இப்போது திருப்பி ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "அந்த மாசத்துல வேற என்னென்ன மாத்தினாரு?" பதில் சொல்லும்போதே அவர்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

"ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று எழுதியிருந்தால், எந்த ஆராய்ச்சி என்று பாருங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் ஒரு சாறு புற்றுநோயைக் கொன்றது என்பதற்கு மனிதரிடத்தில் எந்த அர்த்தமும் இல்லாமல் போகலாம். பினாயிலும் அந்தத் தட்டில் இருக்கும் செல்லைக் கொல்லும். எலிச் சோதனை அடுத்த படி. மனிதர்களைப் பல வருடம் கவனித்து எழுதுவது அதற்கும் மேலே. மனிதர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அசல் மாத்திரையும் இன்னொன்றுக்கு அதேபோன்ற வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதுதான் உறுதியானது.

ஏன் அவ்வளவு கறார் என்பதற்கு பீட்டா கரோட்டின் கதையைச் சொல்ல வேண்டும். கேரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் நிறம் கொடுக்கும் பொருள் அது. கேரட், கீரை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைப் பல நாடுகளில் கவனித்திருந்தார்கள். அப்படியானால் அந்தப் பொருளையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து ஐந்து முதல் எட்டு வருடம் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் குழுவுக்குத் தினம் 20 மி.கி. 1994-ல் முடிவு வந்தது. அந்தக் குழுவில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையை 21 மாதம் முன்கூட்டியே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் அதிகமாகியிருந்தது. கேரட் நல்லதாகவே இருந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்து அடர்த்தியாக்கிய ஒரே பொருள், புகைபிடிக்கிறவர் உடம்பில் வேறு வேலை செய்துவிட்டது. வைட்டமின் ஈ மாத்திரையிலும் இதேபோல் நடந்தது. ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயைக் குறைக்கும் என்று நம்பிக் கொடுத்த சோதனையில் அது 17 சதவீதம் கூடியிருந்ததை 2011-ல் கண்டார்கள்.

அதற்காக எல்லா மாத்திரையும் வீண் என்று சொல்லவில்லை. இதே கறாரான சோதனையில் ஜெயித்தவையும் உண்டு. முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்த தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த பன்னாட்டுச் சோதனையின் முடிவு 1991-ல் வெளிவந்தது. அடுத்த குழந்தைக்கு அந்தக் குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். அயோடின் உப்பு, ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, சுத்த சைவர்களுக்கும் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் வைட்டமின் பி12 ஆகியவையும் அப்படித்தான். இவற்றில் பெரும்பாலானவை விலை மலிவு. விளம்பரமும் கிடையாது.

நான்காம் படி: சதவீதத்தைத் தலைக்கணக்காக்குங்கள்

பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சொன்னது. சாசேஜ் சாப்பிடும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் என்று அதைப் படித்தவர்கள் ஏராளம். எதில் பதினெட்டு சதவீதம் என்று கேட்க வேண்டும். மேற்கு நாடுகளில் வாழ்நாளில் நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு அந்த நோய் வருகிறது. ஐந்தின் 18 சதவீதம் கிட்டத்தட்ட ஒன்று. தினமும் சாப்பிட்டால் ஐந்து பேர் ஆறு பேராகிறார்கள். அது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தின் அளவு வேறு.

அந்த முகமை அதைப் புகையிலையோடு ஒரே பட்டியலில் வைத்ததும் குழப்பியது. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானத்தையும் "அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது" என்ற அடுத்த பட்டியலில் 2016-ல் சேர்த்தார்கள். பிரச்சினை உணவுக்குழாயைச் சுடும் சூட்டில் இருக்கிறது, தேயிலையில் இல்லை. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் தீர்ந்தது.

ஐந்தாம் படி: உங்கள் உடம்பு, உங்கள் மாத்திரைச் சீட்டு

பொருள் ஒன்றுதான். ஒருவருக்கு மருந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷம். இதற்குச் சோடியம் குறைந்த உப்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சாதாரண உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்திய சோதனையில், இந்த உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-ல் வெளியான முடிவு இது. பெரிய நன்மை. ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர் இதைச் சாப்பிட்டால் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பையே நிறுத்தலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்கும். மாத்திரைச் சீட்டை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டாமல் இந்த உப்பை வாங்காதீர்கள். இளநீரும் சிறுநீரக நோயாளிக்கு இதே காரணத்தால் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியதுதான்.

சிறுநீரகம் என்றதும் இன்னொன்று. கேரளத்தில் இலும்பன் புளி என்று சொல்லும் பிலிம்பிக்காயைக் கொலஸ்ட்ரால் குறைய என்று சாறாகப் பிழிந்து குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததை அங்கிருக்கும் மருத்துவர்கள் 2013-ல் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. எல்லோரும் தேறிவிட்டார்கள். மீன் குழம்பில் இரண்டு காய் போட்டுச் சாப்பிட்டபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாறாகப் பிழியும்போது அதில் இருக்கும், சிறுநீரகத்தில் படியும் ஆக்சாலேட் என்ற பொருள் மொத்தமாக இறங்கிவிடுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது.

சீந்திலையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அது வந்தது. 2020-ன் கடைசி மாதங்களில் மும்பையில் ஆறு பேருக்குச் சீந்திலை ஒட்டிக் கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். பிறகு நாட்டின் 13 மையங்களில் 43 பேரைத் தொகுத்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. அதேபோல் இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. கடையில் வாங்குகிறவருக்கு எந்தக் கொடி என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. தைராய்டு, கல்லீரல், மூட்டு என்று தன் உடம்பே தன்னைத் தாக்கும் வகை நோய் இருப்பவர்கள் இதை விட்டு விலகி இருப்பதே நல்லது என்பது என் முடிவு. அம்மாவுக்குத் தைராய்டு இருக்கிறது.

மாத்திரையோடு மோதுகிறவை பல. கடையில் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறவை மட்டும்:

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு அதிலிருந்து நான்கு மணி நேரம் இடைவெளி. அம்மா மூன்றையும் ஒரே கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். தைராய்டு அளவு ஏன் ஏறி இறங்குகிறது என்று இரண்டு வருடமாகக் குழம்பிக்கொண்டிருந்தோம்.

இரும்பு மாத்திரையோடு டீயும் காபியும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை நிறுத்த வேண்டாம். வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட வேண்டும். ஒரு மாதம் தினமும் கீரை, அடுத்த மாதம் சுத்தமாக இல்லை என்றால்தான் ஆபத்து.

ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும் மீன் எண்ணெய், பூண்டு கேப்சூல் பற்றி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும்.

ஆறாம் படி: எதற்குப் பதிலாக?

தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் இல்லை. எதை எடுத்துவிட்டு அதை ஊற்றுகிறீர்கள்? 16 சோதனைகளைத் தொகுத்து 2020-ல் பார்த்தபோது, மற்ற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி ஏற்றியது. அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு ஸ்பூன் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். "உடம்பு இளைக்கும்" என்று நம்பித் தினமும் காபியில் இரண்டு ஸ்பூன் கலப்பது வேறு.

கருப்பட்டி பற்றி எனக்கு மனவருத்தமே உண்டு. சர்க்கரை நோயாளிகள் "நான் வெள்ளைச் சர்க்கரையைத் தொடுறதே இல்லம்மா, கருப்பட்டிக் காபிதான்" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். வாசனை உண்டு, கொஞ்சம் தாது உப்பு உண்டு, ஆனால் ரத்தம் பார்ப்பது சர்க்கரையை. இதைவிட வருத்தமானது, நல்ல பெயர் இருப்பதால் ஒரு கட்டி கூடுதலாகப் போட்டுக்கொள்வது. கேழ்வரகுக் கஞ்சியும் இப்படித்தான். நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். சிறுதானியம் என்ற பெயர் அதைத் தடுக்காது. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்பதுபோன்ற மாற்றம்தான் நான் மனதாரச் சொல்வது.

எல்லாவற்றுக்கும் மேலான "பதிலாக" ஒன்று உண்டு: மருந்துக்குப் பதிலாக. பொடி பலன் தராவிட்டால் காசு போகும். இன்சுலினை நிறுத்திவிட்டுப் பொடி சாப்பிட்டால் உயிர் போகும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி விற்கும் எதையும் வாங்காதீர்கள்.

ஏழாம் படி: பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் தகவல். மூலப்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். "பல தானிய" பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா என்றால் அது மைதா பிஸ்கட். சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் அளவு கிடைக்கும். நூடுல்ஸ் பாக்கெட்டில் 1000 மி.கி. சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. "ஒரு முறை பரிமாறும் அளவு" எத்தனை கிராம் என்றும் பாருங்கள். பாதிப் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள்.

சப்ளிமெண்ட் டப்பாவில் "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்", அதாவது மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று அச்சிடுவது இந்தியச் சட்டப்படி கட்டாயம். டப்பாவே அப்படிச் சொல்லும்போது கடைக்காரர் சர்க்கரை நோய் தீரும் என்றால், டப்பாவை நம்புங்கள். சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டின் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். "ஹெல்த் டிரிங்க்" என்ற வகையே உணவுச் சட்டத்தில் இல்லை. பால், மால்ட் கலந்த பானங்களை அந்தப் பெயரில் பட்டியலிடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு 2024-ல் சொன்னது.

மூலிகை என்றாலும் உரிமம் எண் இல்லாத, டப்பாவில் பெயர்கூட இல்லாத பொடியை வாயில் போடாதீர்கள். பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70-ஐச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்ததாக 2004-ல் எழுதினார்கள்.

எட்டாம் படி: தொடங்கினால், நிறுத்தும் தேதியோடு தொடங்குங்கள்

இத்தனையும் தாண்டி ஒன்றைச் சாப்பிடலாம் என்று முடிவெடுத்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். தொடங்கும் முன் ஒரு பரிசோதனை, மூன்று மாதம் கழித்து ஒன்று. டப்பா மேல் தொடங்கிய தேதியையும் நிறுத்த வேண்டிய தேதியையும் பேனாவால் எழுதுங்கள்.

தேதியின் அருமை வைட்டமின் டி பாக்கெட்டில் தெரியும். 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று டாக்டர் எழுதுவார். ஒரு நாள் தேவை 600 யூனிட், பாதுகாப்பான மேல்வரம்பு 4000. பற்றாக்குறையை நிரப்பக் குறுகிய காலத்துக்குத்தான் அந்தப் பெரிய அளவு. அதே சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறவர்கள் உண்டு. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு வந்த ஒரு பெரியவரை நானே பார்த்தேன். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், பேச்சில் தடுமாற்றம். வயதாகிவிட்டது என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது. அவர் பையிலிருந்து காலிப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கல்லா மேல் எடுத்து வைத்தார். நாற்பதுக்கு மேல் இருந்தன.

எதைச் சாப்பிட்டாலும் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், காரணமில்லாமல் அரிப்பெடுத்தால், சாப்பாடு பிடிக்காமல் போனால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். போகும்போது எல்லா டப்பாவையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள். "வேற ஒண்ணும் சாப்பிடலை டாக்டர்" என்று சொல்கிற பலர் பொடியை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அம்மாவின் பதினோரு டப்பா இருந்த இடத்தில் இப்போது இருப்பது மூன்று. வெந்தயம் இட்லி மாவுக்குப் போகிறது. கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டது, தைராய்டு மாத்திரை விடியற்காலையில் தனியாக. பத்து வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பதால் பி12 பார்க்கச் சொன்னேன். குறைவாகத்தான் இருந்தது, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த டப்பா மேல் அம்மாவே தேதி எழுதி வைத்திருக்கிறார். கொல்லையில் முருங்கை தழைத்திருக்கிறது. வாரம் மூன்று நாள் பொரியல், பருப்பு போட்டு.